2,990 ஒட்டுவதா, 3,000 ஒட்டுவதா? வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே விலையை எப்படி எழுதுவது, எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியவை. 3,000 என்று முழுத்தொகையாக எழுதலாம். பத்து ரூபா இறக்கி 2,990 என்று எழுதலாம். 2,847 என்று கணக்குப் பார்த்த தொகையாகவும் எழுதலாம். வாங்குபவர் மனதில் மூன்றும் மூன்று விதமாக விழுகின்றன. கேட்டவர்களில் பாதிப் பேர் விற்பவர்கள், மீதிப் பேர் வாங்குபவர்கள். அதனால் ஒரு பதிலில் சொல்லிக் கொடுக்கும் உத்தியை அடுத்த பதிலில் உடைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இரு தரப்பும் பொறுத்தருள்க.

கேள்வி: காலி வீதியில் சாறிக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைகளில் 2,990, 3,490, 4,990 என்றே சீட்டு ஒட்டுகிறார்கள். பத்து ரூபா குறைப்பதால் உண்மையிலேயே விற்பனை கூடுமா? எல்லா விலைக்கும் இது சரிவருமா?
– துணிக்கடை உரிமையாளர், வெள்ளவத்தை

பதில்: கூடும். ஆனால் நீங்கள் எழுதிய மூன்று விலைகளில் இரண்டுக்குத்தான்.

எண்ணை நாம் இடப்பக்கத்திலிருந்து வாசிக்கிறோம். 2,990 கண்ணில் பட்டதும் மனம் ‘இரண்டாயிரத்துச் சொச்சம்’ என்று குறித்துக்கொள்கிறது. பின்னால் வரும் 990 அந்தக் குறிப்பை அரைகுறையாகத்தான் திருத்துகிறது. 2005இல் மனோஜ் தோமஸும் விக்கி மோர்விட்ஸும் வெளியிட்ட பரிசோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. 3.00 டொலர் 2.99 ஆகும்போது முதல் இலக்கம் மாறுகிறது, பொருள் மலிவாகத் தெரிகிறது. முதல் இலக்கம் மாறாத இடத்தில் ஒரு சதத்தைக் குறைத்தால் யாரும் கவனிப்பதில்லை. ஆகவே 3,000ஐ 2,990 ஆக்குவதும் 5,000ஐ 4,990 ஆக்குவதும் பலன் தரும். 3,500ஐ 3,490 ஆக்கினாலோ ‘மூவாயிரம்’ அப்படியே நிற்கிறது. பத்து ரூபாவை இனாமாகக் கொடுத்ததுதான் மிச்சம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்கும் மற்ற விலை உங்கள் விலைக்குக் கிட்ட இருக்கும்போதுதான் இடப்பக்க இலக்கம் வலுவாக இழுக்கும். பக்கத்துக் கடையில் அதே மாதிரிச் சாறி 3,150 என்றால் உங்கள் 2,990 நன்றாக எடுபடும். அங்கே 5,500 என்றால் நீங்கள் 3,000 என்று எழுதினாலும் உங்களுடையதுதான் மலிவு. பத்து ரூபாவுக்கு அங்கே வேலை இல்லை.

கணக்கைப் பாருங்கள். 3,000 ரூபாச் சாறியில் உங்கள் இலாபம் 600 என்று வைப்போம். 2,990க்கு விற்றால் 590. அதே மொத்த இலாபம் வருவதற்கு விற்பனை 1.7% கூடினால் போதும். மாதம் 300 சாறி விற்கும் கடைக்கு அது இன்னும் ஐந்தாறு சாறி. முதல் இலக்கம் மாறும் விலையில் இது எட்டக்கூடிய இலக்கு.

உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் காசு விடுவது 2,990இல் அல்ல, 3,050இலும் 3,090இலும்தான். அடக்க விலையோடு இலாப வீதத்தைக் கூட்டி வந்த தொகையை அப்படியே சீட்டில் எழுதிவிடுகிறீர்கள். அமெரிக்க சுப்பர்மார்க்கெட் விற்பனைத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், 99இல் முடியும் விலை ஒரு சதம் ஏறி அடுத்த டொலரைத் தொட்டதும், 20 சதத்துக்கு மேல் ஏறியதைப் போல வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். எல்லையைத் தாண்டியதற்கான அபராதத்தை முதல் ரூபாவிலேயே கட்டிவிடுகிறீர்கள். தாண்டியபின் இன்னும் கொஞ்சம் மேலே போவதால் பெரிதாக எதுவும் கெடாது. ஆகவே கணக்கு 3,060 என்று வந்தால் 2,990க்கு இறக்குங்கள். இலாபம் இடம் கொடாவிட்டால் 3,250க்கு ஏற்றுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

9க்குத் தனியாகவும் ஒரு சக்தி உண்டு. எரிக் அண்டர்சனும் டங்கன் சிமெஸ்டரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தபாலில் உடை விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஒரே உடையை 34, 39, 44 டொலர் என்று வெவ்வேறு விலைப்பட்டியல்களில் போட்டது. அதிகம் விற்றது மலிவான 34 அல்ல, 39. 9இல் முடியும் விலையை ‘இது குறைத்த விலை’ என்று வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். இந்த ஈர்ப்பு புதிதாக வந்த உடைகளில் கூடுதலாகவும், ‘மலிவு விற்பனை’ என்று அட்டை மாட்டிய உடைகளில் குறைவாகவும் இருந்தது. புதுச் சரக்குக்கு 9ஐ வையுங்கள். ஆடி விற்பனை அட்டை தொங்கும் தட்டில் அது தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். 2,999 வேண்டாம். 2,990க்கு ஒரு பத்து ரூபா நாணயம் மிச்சம் கொடுத்தால் போதும். 2,999 என்றால் கல்லாவில் ஒரு ரூபா நாணயம் வேண்டும், அது இராது, டொபி கொடுப்பீர்கள், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அடுத்தது கூறைச் சாறி. அறுபதாயிரத்துக்குக் கூறை எடுக்க வரும் குடும்பத்துக்கு 59,990 என்று காட்டினால் கலியாணக் கடையில் மலிவு விற்பனை வாடை வரும். அங்கே 60,000 என்றே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் 8 பேர்ச்சஸ் காணியை விற்கப்போகிறோம். பேர்ச்சஸ் 32 இலட்சம் என்று விளம்பரம் போடலாம் என்கிறார் தரகர். மகன் ‘31 இலட்சத்து 85 ஆயிரம் என்று போடுங்கோ, அப்போதுதான் பேரம் குறையும்’ என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, தெஹிவளை

பதில்: மகன் சொல்வதில் ஆதாரம் இருக்கிறது. தரகர் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது.

முழுத்தொகையைக் கண்டால் வாங்குபவர் ‘இது குத்துமதிப்பு, பேசலாம்’ என்று எடுத்துக்கொள்கிறார். கணக்குப் பார்த்த மாதிரித் தெரியும் தொகை அந்த எண்ணத்தைக் கொடுப்பதில்லை. இதற்குப் பின்னாலுள்ள பொறிமுறையைக் கிறிஸ் ஜனிஷெவ்ஸ்கியும் டான் உய்யும் 2008இல் காட்டினார்கள். முதலில் கேட்ட தொகை எவ்வளவு நுணுக்கமோ, மனம் அதிலிருந்து இறங்கும் படியும் அவ்வளவு சின்னதாகிறது. 32 இலட்சத்தைக் கேட்டவர் இலட்சம் இலட்சமாக இறங்குவார்: 31, 30, 29. 31 இலட்சத்து 85 ஆயிரத்தைக் கேட்டவர் ஐயாயிரம், பத்தாயிரம் என்ற படியில் யோசிக்கத் தொடங்குகிறார். அமெரிக்க வீட்டு விற்பனைத் தரவுகளிலும் நுணுக்கமான தொகைக்கு விளம்பரமான வீடுகள் சற்றுக் கூடுதலான விலைக்குப் போயிருக்கின்றன.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. ஈபே தளத்தில் பேரம் பேசி விற்கும் பொருட்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், 100 டொலரின் மடங்காக விலை போட்டவர்களிடம் வாங்குபவர்கள் கேட்ட விலை, பக்கத்து நுணுக்கத் தொகைகளைப் போட்டவர்களைவிட 5 முதல் 8% வரை குறைவு. ஆனால் அது 6 முதல் 11 நாள் முந்தி வந்தது, பொருள் விற்றுப்போகும் வாய்ப்பும் கொஞ்சம் கூட. முழுத்தொகை போட்டவர் ‘எனக்கு அவசரம், பேச வாருங்கள்’ என்று சொல்லாமல் சொல்கிறார். தரகருக்கு வேண்டியது வேகம், உங்களுக்கு வேண்டியது விலை. அவசரமாகக் காசு தேவையென்றால் தரகர் சொல்வதைக் கேளுங்கள். ஆறு மாதம் பொறுக்க முடியுமென்றால் மகன் சொல்வதை.

ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். 31 இலட்சத்து 85 ஆயிரம் போதும். 31,84,650 என்று இறங்காதீர்கள். காணி, நகை, வாகனம் எனப் பல துறைகளில் நடந்த ஐந்து பரிசோதனைகளின் முடிவு 2016இல் வெளியானது. துறை தெரியாதவரிடம் தொகை நுணுக்கமாக ஆக ஆக விற்பவருக்கு நல்லது. துறை தெரிந்தவரிடம் ஓரளவுக்கு மேல் நுணுக்கமாகப் போனால், ‘இவருக்கு விலை தெரியாது’ என்று நினைத்து இன்னும் கீழே கேட்கிறார். அதைத் தடுத்தது ஒன்றுதான்: தொகை எப்படி வந்தது என்று விற்பவர் காரணம் சொன்னது. ஆகவே ஒரு தாள் தயாராக இருக்கட்டும். அதே ஒழுங்கையில் அண்மையில் விற்ற காணிகளின் பேர்ச்சஸ் விலை, பாதையின் அகலம், மதில், நீர் இணைப்பு, இவற்றுக்கு எவ்வளவு கூட்டினீர்கள், எவ்வளவு கழித்தீர்கள் என்று நாலு வரி. தாள் இல்லாமல் நுணுக்கத் தொகை சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

இதை வாங்கும் பக்கம் இருந்து வாசிப்பவர்களுக்கு: விளம்பரத்தைப் பார்க்கும் முன்னரே உங்கள் உச்சத் தொகையை எழுதி வையுங்கள். பேர்ச்சஸ் விலையில் பேசாமல் மொத்தத்தில் பேசுங்கள். 31.85 இலட்சம் எட்டு பேர்ச்சஸுக்கு 2 கோடி 54 இலட்சத்து 80 ஆயிரம். இதற்கு மேல் உறுதி மாற்றும்போது முத்திரைத் தீர்வை உங்கள் தலையில். முதல் ஓர் இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4% என்ற கணக்கில் அது 10,18,200 ரூபா. நொத்தாரிசு, நில அளவையாளர் கட்டணங்கள் வேறு. இந்த மொத்தத்தை வைத்து நீங்களும் நுணுக்கமான தொகையையே திருப்பிக் கேளுங்கள், காரணத்தோடு. ‘இரண்டரைக்குத் தாருங்கோ’ என்று முழுத்தொகை கேட்டால், இன்னும் ஏறுவீர்கள் என்று விற்பவர் விளங்கிக்கொள்வார்.

கேள்வி: செட்டியார் தெருவில் நகை எடுக்கும்போது கடைசியில் ‘சில்லறையை விட்டுத்தாறன் அக்கா’ என்று ரவுண்டாக்கித் தருகிறார்கள். அது நல்ல கழிவுதானே?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மனதுக்கு நல்லது. கைக்கு மிகச் சின்னது. விளங்குவதற்காக ஒரு கணக்கு: கிராம் 40,000 ரூபா என்று வைத்தால் இரண்டு பவுண், அதாவது 16 கிராம், 640,000. சேதாரம் 8% என்றால் 1.28 கிராம், 51,200. செய்கூலி 25,000. மொத்தம் 716,200. ‘716,000 தாருங்கோ’ என்றால் உங்களுக்குக் கிடைத்தது 200 ரூபா. தாராளமாக 715,000 ஆக்கினாலும் 1,200.

சேதாரத்தை 8%இலிருந்து 7%க்கு இறக்கியிருந்தால் 6,400 ரூபா மிச்சம். முழுத்தொகையைக் கேட்டதும் பேரம் முடிந்தது என்று நமக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. கடைக்காரர் சில்லறையைக் கடைசியில் விடுவது அதற்காகத்தான். வரிசையை மாற்றுங்கள். முதலில் நிறை, அடுத்தது சேதார வீதம், பிறகு செய்கூலி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பேசி முடித்து பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். சில்லறையை விடுவது அதற்குப் பிறகு. அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பாவித்த கார் பார்க்கிறேன். ஒன்று 99,800 கிலோமீற்றர் ஓடியது, மற்றது 100,400. மற்றபடி ஒரே வருடம், ஒரே மாதிரி. முதலாவதுக்கு நல்ல கூட விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கல்கிசை

பதில்: 600 கிலோமீற்றருக்காகக் கொடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் அது பதினைந்து நாள் ஓட்டம். வாங்கி ஐந்தே நாளில் உங்கள் காரும் இலட்சத்தைத் தாண்டிவிடும்.

இந்தத் தடுமாற்றம் வாகனம் விற்பவர்களையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் இரண்டு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பாவித்த வாகன ஏல விற்பனைகளை லசெற்றேரா, போப், சிட்னோர் என்ற மூவர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மைல்கள் கூடக் கூட விலை சீராக இறங்கவில்லை. ஒவ்வொரு 10,000 மைல் எல்லையிலும் படிக்கட்டைப் போலச் சட்டென்று இறங்கியது. ஏலத்தில் எடுப்பவர்கள் தொழில் தெரிந்த வியாபாரிகள். அவர்களே அப்படி விலை கட்டக் காரணம், கடைசியில் வாங்க வருபவர் அந்த முதல் இலக்கத்தைத்தான் பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பது.

நீங்கள் வாங்குபவரானால் எல்லையைச் சற்றுத் தாண்டியதைத் தேடுங்கள்: 101,000, 102,500. விற்பதானால் 98,000இலேயே விளம்பரம் போட்டுவிடுங்கள். இன்னொன்று, எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் மீற்றரைச் சும்மா நம்ப வேண்டாம். மீற்றரைத் திருப்புபவர் 103,000இல் நிறுத்துவாரா, 97,000இல் நிறுத்துவாரா? பிரேக் மிதியின் றப்பர் தேய்வு, சுக்கானின் மினுக்கம், ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு, சேவிஸ் பதிவுகளில் திகதியோடு எழுதிய கிலோமீற்றர், ஜப்பானிலிருந்து வந்ததானால் ஏலச் சீட்டு, இவ்வளவையும் மீற்றரோடு ஒப்பிடுங்கள். அதிலே பொருந்தினால், 99,800க்கும் 100,400க்கும் உள்ள விலை வித்தியாசத்தை நான்கு புது ரயருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தண்ணீர் வடிகட்டி விளம்பரத்தில் ‘92.6% பாவனையாளர்கள் திருப்தி’ என்று போட்டிருக்கிறார்கள். 90% என்று போடுவதைவிட இது நம்பகமானதா? எங்கள் சிறு நிறுவனத்துக்கும் இப்படிப் போடச் சொல்கிறார் விளம்பரக்காரர்.
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: முதலில் வாங்குபவராகப் பாருங்கள். 27 பேரைக் கேட்டு 25 பேர் ஆம் என்றாலும் 92.6% வரும். தசமப்புள்ளியைக் கண்டதும் பெரிய ஆய்வுகூடம் ஒன்று நம் கண்முன் எழும்புகிறது. அந்தப் புள்ளி சொல்வது வகுத்தல் நடந்தது என்பதை மட்டும்தான். இருவர் மனம் மாறினால் இந்த எண் 85.2 ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை பேரில்?’ என்பது.

இனி விற்பவராக. நுணுக்கமான எண் நம்பகத்தைக் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. சூழலுக்கு நல்லது என்று சொல்லும் விளம்பரங்களில் இது பார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2020இல் கௌரவ் ஜெயினும் மற்ற ஆய்வாளர்களும் காட்டியது இது: 90% என்றால் வாசகர் ‘நல்லது’ என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். 91.27% போன்ற ஓர் எண் பழக்கமில்லாதது. அதைக் கண்டால் நின்று எண்ணையே கவனிக்கிறார், 100உடன் ஒப்பிடுகிறார், மீதி 8.73 எங்கே என்ற எண்ணம் வருகிறது. எண் கூடியிருந்தும் மதிப்புக் குறைகிறது.

நாங்கள் சொல்வது: வாங்குபவர் சந்தேகப்படும் இடத்தில், அதாவது மின்சாரச் செலவு, தண்ணீர் அளவு, எடை போன்றவற்றில், அளந்த எண்ணை அப்படியே போடுங்கள். திருப்தி, சுவை, வாசம் என்ற இடத்தில் ‘பத்தில் ஒன்பது பேர்’ போதும். அதுவும் உண்மையாக இருந்தால்.

கேள்வி: தீபாவளிக்கு முன் சட்டை தைக்கக் கொடுப்பவர்களிடம் ‘இரண்டு கிழமை’ என்று சொல்வதா, ‘14 நாள்’ என்று சொல்வதா? இரண்டும் ஒன்றுதானே!
– தையற்கடைக்காரர், கொட்டாஞ்சேனை

பதில்: நாட்காட்டியில் ஒன்று. கேட்பவர் காதில் வேறு. சிறிய அலகில் சொன்னால் சொன்னவர் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நம்புவார்கள். ஒரு வருடம் என்பதையும் 365 நாள் என்பதையும் மக்கள் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ‘இரண்டு கிழமை’ என்று கேட்டவர் பதினாறாம் நாள் வந்தாலும் சிரித்துக்கொண்டு வருவார். ‘14 நாள்’ என்று கேட்டவர் பதினான்காம் நாள் காலை வாசலில் நிற்பார், பதினைந்தாம் நாள் சண்டை.

வேலை எடுக்கும்போது நாட்கணக்குச் சொன்னால் வாடிக்கையாளர் உங்களிடம் நிற்பார். உண்மையில் எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டு, பண்டிகைக் காலத்தில் இரண்டு நாள் கூட்டி, திகதியாகவே சீட்டில் எழுதிக் கொடுங்கள். காஜா எடுப்பதையும் ஓரம் அடிப்பதையும் வெளியே கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் நாட்கணக்கு வேண்டாம். உங்கள் கையில் இல்லாத நாளுக்குக் கிழமைக் கணக்கே பாதுகாப்பு.

கேள்வி: உணவகம் தொடங்குகிறோம். உணவுப் பட்டியலில் 1,990 என்று போடுவதா, 2,000 என்று போடுவதா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: 2,000. ஆசைக்காக வாங்கும் பொருளுக்கு முழுத்தொகை பொருந்தும், யோசித்து வாங்கும் பொருளுக்கு நுணுக்கத் தொகை பொருந்தும் என்று 2015இல் வாத்வாவும் ஷாங்கும் எழுதியது பலராலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. 2018இல் வேறொரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தது. அதே முடிவு வரவில்லை. ஆகவே அந்த ஆய்வை நம்பி நாங்கள் 2,000 என்று சொல்லவில்லை. காரணம் வேறு: பட்டியலில் 1,990 என்று இருந்தாலும் 10% சேவைக் கட்டணம் சேர்ந்ததும் அது 2,189 ஆகிறது. நீங்கள் பாடுபட்டுக் காப்பாற்றிய முதல் இலக்கம் சிட்டை வந்ததும் போய்விடுகிறது, சாப்பிட்டவருக்கு ஏமாந்த உணர்வு மட்டும் மிஞ்சுகிறது. எல்லாம் சேர்த்த விலையைப் போடுங்கள். அப்படிப் போட முடியுமானால், கொத்து, பிரியாணி போன்று பக்கத்துக் கடையோடு ஒப்பிடும் சாப்பாட்டுக்கு மட்டும் 990 வைக்கலாம்.

கேள்வி: சுப்பர்மார்க்கெட்டில் ‘நாலாயிரத்துக்குள் முடியும்’ என்று போனால் எட்டாயிரம் வருகிறது. எங்கே பிழைக்கிறது?
– இல்லத்தரசி, வத்தளை

பதில்: கூட்டுவதில். ஐந்து பொருள் எடுக்கிறீர்கள் என்று வைப்போம்: 990, 1,490, 1,990, 690, 2,990. மனம் ஆயிரங்களை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் ஒன்று, ஒன்று, இரண்டு: நாலாயிரம். உண்மை 8,150.

மேலே ஏற்றி வாசிக்கப் பழகுங்கள். 990 என்றால் ஆயிரம், 1,490 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, அப்படியே போனால் 8,200. ஐம்பது ரூபாதான் வித்தியாசம், அதுவும் உங்கள் பக்கம். அடுத்தது, பைக்கற்றுகளை 100 கிராம் விலையில் ஒப்பிடுங்கள். 400 கிராம் பால்மா 1,090 என்றால் 100 கிராம் 272.50. ஒரு கிலோ 2,690 என்றால் 269. பெரிய பைக்கற்று இலாபம் என்பது பல சமயம் மூன்று ரூபா இலாபம்தான். திறந்து வைத்து ஈரம் பிடித்தால் அதுவும் இல்லை. தவணையிலும் இதே விளையாட்டு நடக்கிறது: 14,990 ரூபாப் பொருள் மூன்று தவணையில் 4,996.67 ஆகி, ‘நாலாயிரத்துச் சொச்சம்’ என்று தெரிகிறது.

மிச்சக் காசு இல்லை என்று 997ஐ 1,000 ஆக்கினால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. குறித்த விலைக்கு மேல் வாங்குவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு 1977க்கு அழைக்கலாம். அட்டையில் கட்டினால் இந்தத் தகராறே இல்லை.

கேள்வி: பெற்றோல் அடிக்கும்போது ஏன் எல்லோரும் 1,000, 2,000 என்றே சொல்கிறோம்?
– ஓட்டோ சாரதி, மருதானை

பதில்: தொகையை நாமே தீர்மானிக்கும் இடத்தில் முழுத்தொகைதான் வாயில் வரும். அமெரிக்காவில் தாங்களே பெற்றோல் அடிப்பவர்களின் கணக்குகளை 2013இல் பார்த்தபோது பாதிக்கு மேல் .00இல் முடிந்திருந்தது. அங்கே சில்லறைத் தட்டுப்பாடும் இல்லை. உங்களுக்கு இதில் ஒரு சிக்கல்: விலை ஏறினாலும் 1,000 என்றே அடித்தால், எத்தனை லீற்றர் குறைந்தது என்று தெரியாமலே போகும். ஒரு மாதத்துக்கு லீற்றரில் கேளுங்கள், ‘மூன்று லீற்றர்’ என்று. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பது அப்போதுதான் கையில் வரும். வாடகை பேசும்போது அந்தக் கணக்கு உதவும். 487 என்று சொன்னால் பயணி பேரம் பேசாமல் 500ஐ நீட்டுவார், 500 என்று சொன்னால் 400 கேட்பார்.

கேள்வி: வீட்டிலிருந்து பற்றிஸ், ரோல்ஸ் செய்து கொடுக்கிறேன். ஒன்று 95 ரூபாவா, 100 ரூபாவா?
– வாசகி, தெமட்டகொட

பதில்: 95இல் இலக்கம் ஒன்று குறைவாகத் தெரிவது உண்மை. கடையில் ஒன்றொன்றாக விற்பவருக்கு அது உதவும். உங்களிடம் வருபவர் நாற்பது, அறுபது என்று தொலைபேசியில் சொல்கிறார். 60க்கு 95 என்றால் மனதில் கூட்ட நேரம் எடுக்கும், 100 என்றால் ‘ஆறாயிரம்’ என்று உடனே ஒத்துக்கொள்வார். 60 பற்றிஸில் அந்த ஐந்து ரூபா உங்களுக்கு 300. பெரிய கட்டளைக்குக் கழிவு கேட்டால் விலையை 95க்கு இறக்காதீர்கள். ஐம்பதுக்கு இரண்டு கூட வையுங்கள். அதன் பெறுமதி அவர் கணக்கில் 200 ரூபா. உங்களுக்கு இரண்டு பற்றிஸின் அடக்கச் செலவு மட்டும்தான்.